ஐ.பி.எஸ். ஆனால் கேஸ் விசாரிக்க முடியுமா? பெரிய வழக்குகளில் மேலதிகாரியின் வேலைதான் என்ன?

இளங்கோ_சேலம்

எல்லாருக்கும் வணக்கம். சட்டப் படிப்பு கடைசி வருஷம் படிக்கிறேன். வீட்டில் குரூப் 1 எழுதி டி.எஸ்.பி. ஆகிடுங்கிறாங்க. எனக்கு யு.பி.எஸ்.சி. மேலயும் ஒரு கண் இருக்கு. எந்தப் பக்கம் போனாலும் எனக்கு வேண்டியது குற்ற விசாரணைதான். பந்தோபஸ்து, கான்வாய், தேர்த் திருவிழாக் கூட்டத்துக்குக் கயிறு பிடிக்கிறது, இதுக்கெல்லாம் மனசு போகல.

எங்க மாமா ஒருத்தர் டிபார்ட்மெண்ட்ல இருந்தவர். "ரேங்க் ஏற ஏற கேஸை விட்டுத் தூரமாத்தான் போவே"ங்கிறார். ஆனா பேப்பர்ல பார்த்தா பெரிய வழக்கெல்லாம் ஐ.ஜி., டி.ஐ.ஜி. பேர்லதானே வருது? அவங்க அங்க என்ன செய்றாங்க? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய ரைட்டர்

தம்பி, உங்க மாமா சொன்னதுல பாதிக்கு மேல உண்மை. சர்வீஸ் முழுக்க ஸ்டேஷன்ல பேனா பிடிச்சவன், அந்த உரிமைல சொல்லுதேன்.

கொலைன்னு வெச்சுக்கிடுங்க. எஃப்.ஐ.ஆர். போட்ட கையோட அதை மாஜிஸ்திரேட்டுக்கு உடனே அனுப்பணும், எக்ஸ்பிரஸ்னு சொல்லுவோம். எத்தனை மணிக்குப் போய்ச் சேந்துச்சுங்கிறதை வெச்சே பின்னால வக்கீல் கேஸை உடைப்பான். இன்ஸ்பெக்டர் ஸ்பாட்டுக்குப் போவார். பார்வை மகஜர் (இடத்தைப் பாத்து எழுதுற குறிப்பு), ரஃப் ஸ்கெட்ச், ரத்தம் பட்ட மண்ணு ஒரு டப்பால, பக்கத்துச் சாதா மண்ணு இன்னொரு டப்பால. சாட்சிக்கு வி.ஏ.ஓ.வும் தலையாரியும். பிரேத விசாரணை முடிச்சு, பாடி கூட ஒரு கான்ஸ்டபிளைப் போட்டு போஸ்ட்மார்ட்டத்துக்கு அனுப்பணும். இதுல அத்தனை காகிதத்துலயும் இன்ஸ்பெக்டர் கையெழுத்துதான் இருக்கும். அஞ்சு வருசம் கழிச்சு கூண்டுல ஏறி "மண்ணை எந்தக் கையால அள்ளுனீங்க"ங்கிற கேள்விக்குப் பதில் சொல்றதும் அவருதான்.

டி.எஸ்.பி. வருவாக. மோப்ப நாய் வந்தாச்சா, விரல் ரேகைக்காரங்க வந்தாச்சான்னு கேப்பாக. எஸ்.பி. வந்தா கூடவே டி.வி.க்காரங்க வருவாங்க.

எல்லாரையும் அப்படிச் சொல்லிற முடியாது. நான் பாத்த ஒரு எஸ்.பி., முக்கியமான கேஸ்னா சி.டி. (கேஸ் டைரி) ஃபைலை பங்களாவுக்கே எடுத்துட்டு வரச்சொல்லி ராத்திரி வாசிப்பாரு. காலைல மார்ஜின்ல பென்சில்ல நாலு கேள்வி எழுதியிருக்கும். "இந்தச் சாட்சி ஆறு மணிக்குப் பார்த்தேங்கான், கரண்ட் இல்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, எப்படிப் பாத்தான்?" அந்த நாலு கேள்விக்குப் பதில் தேடப் போயி எதிரியே (குற்றம் சாட்டுன ஆளே) மாறுன கேஸு உண்டு. அவர் ஸ்பாட்டுக்கு வந்ததே இல்லை.

கறுப்புக் கோட்டு

மதுரையில் கிரிமினல் சைடு பிராக்டீஸ். ரைட்டர் ஐயா சொன்னதோடு சட்டத்தையும் சேர்த்துவிடுகிறேன்.

சட்டப்படி மேலதிகாரிக்கு விசாரிக்கும் அதிகாரம் உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 36, 2024 ஜூலை 1 முதல் வந்த பி.என்.எஸ்.எஸ்.ஸில் பிரிவு 30. ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரி செய்யும் எதையும் அவருக்கு மேலே உள்ளவர் செய்யலாம். செய்ய மாட்டார்கள், அவ்வளவுதான். கேஸ் டைரியை எழுதியவர்தான் கோர்ட்டுக்கு வந்து குறுக்கு விசாரணையில் நிற்க வேண்டும். ஒரு மாவட்டத்தையே கையில் வைத்திருக்கும் எஸ்.பி. ஒவ்வொரு செஷன்ஸ் கோர்ட்டாக ஏறி இறங்க முடியுமா?

டி.எஸ்.பி. ரேங்க் வேறு கதை. தம்பி இதைக் குறித்துக்கொள்ளட்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்குகளில் 1995 விதிகளின் 7ஆம் விதிப்படி விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. ரேங்கிற்குக் குறையக் கூடாது. இன்ஸ்பெக்டர் விசாரித்தார் என்பதையே பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு வழக்கைத் தள்ளச் சொல்லும். சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமான உபா வழக்கிலும் மாநில போலீஸ் என்றால் டி.எஸ்.பி.தான். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் பெண் இறந்தால் ஒரு பக்கம் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை ஓடும், இன்னொரு பக்கம் பெரும்பாலும் டி.எஸ்.பி.தான் ஃபைல் பிடிப்பார். ஆக குரூப் 1-இல் போனால் நேரடி விசாரணை இல்லை என்பது சரியல்ல. ஒரு சப்-டிவிஷனில் இந்த மூன்று வகையே கழுத்து முட்ட இருக்கும்.

சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் ஜெயராஜும் பென்னிக்ஸும் இறந்த வழக்கு ஞாபகம் இருக்கிறதா? சி.பி.ஐ. வந்து சேரும் வரை காத்திருந்தால் தடயம் போய்விடும் என்று மதுரைக் கிளை நீதிபதிகள் நெல்லை சி.பி.சி.ஐ.டி. டி.எஸ்.பி. அனில்குமாரைப் பெயர் சொல்லி, உடனே விசாரணையைக் கையில் எடுக்கச் சொன்னார்கள். ஐ.ஜி. இருக்கிறார், டி.ஜி.பி. இருக்கிறார். கோர்ட் டி.எஸ்.பி.யைக் கூப்பிட்டது.

நாளிதழ்க்காரன்

ரைட்டர் ஐயாவும் வக்கீல் சாரும் சாதாரண வழக்கைச் சொல்கிறீர்கள். தம்பி கேட்டது பேப்பரில் பெயர் வரும் வழக்கு. நான் செய்தியாளனாக இருந்த காலத்தில் ராஜீவ் கொலை வழக்கின் புலனாய்வுக் குழு இருந்த கிரீன்வேஸ் சாலை "மல்லிகை" வாசலில் தவம் கிடந்தவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1991 மே 21, இரவு 10.20, ஸ்ரீபெரும்புதூர். தமிழ்நாட்டில் அப்போது குடியரசுத் தலைவர் ஆட்சி. ராஜீவ் கொலை வழக்கை முதலில் உள்ளூர் ஸ்டேஷன் பதிவு செய்தது, அங்கிருந்து சி.பி.சி.ஐ.டி., சில நாளுக்குள் சி.பி.ஐ. சிறப்புப் புலனாய்வுக் குழு. தலைவராக வந்தவர் டி.ஆர். கார்த்திகேயன். ஹைதராபாத்தில் சி.ஆர்.பி.எஃப். ஐ.ஜி.யாக இருந்தார். கோவைப் பக்கத்துக்காரர், ஆனால் கர்நாடக கேடர். தமிழில் சாட்சி சொல்வது நேராகப் புரியும், அதே சமயம் தமிழ்நாட்டு போலீசில் யாருக்கும் அவர் ஜூனியரும் இல்லை, கடன்பட்டவரும் இல்லை. அந்தத் தேர்விலேயே பாதி வேலை முடிந்துவிட்டது என்பது என் கணிப்பு.

இப்போது பாருங்கள், இந்த வழக்கை உடைத்த தடயங்கள் எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. ஹரிபாபு என்ற இளைஞர் அங்கே படம் எடுக்க வந்து குண்டில் செத்தார், கேமரா தப்பியது. அதில் பத்துப் படங்கள். மாலையோடு நிற்கும் தற்கொலைக் குண்டுதாரி தணு, குர்தா பைஜாமாவில் கையில் நோட்டோடு நிற்கும், சதியை நடத்திய சிவராசன், எல்லாம் அந்தச் சுருளில் இருந்தார்கள். குண்டு இடுப்பில் பெல்ட்டாகக் கட்டப்பட்டது என்று சொன்னவர் தமிழ்நாடு தடய அறிவியல் துறை இயக்குநர் பி. சந்திரசேகரன். ஹரிபாபு வீட்டுச் சோதனையில் பூம்புகார் கடையில் சந்தன மாலை வாங்கிய ரசீது கிடைத்தது. அதை எடுத்தவர்கள் கீழ்நிலை அதிகாரிகள். தலைமைப் புலனாய்வு அதிகாரியாகச் சாட்சியங்களைக் கோத்து வழக்காகக் கட்டியவர் கே. ரகோத்தமன்.

பிறகு கார்த்திகேயன் என்னதான் செய்தார்? பல மாநில போலீஸ், உளவுத்துறைகள், தேசியப் பாதுகாப்புப் படை, டெல்லி, எல்லாரும் ஆளுக்கொரு கயிற்றை இழுக்கும்போது ஃபைல் ஒரே மேசையில் இருக்கும்படி பார்த்துக்கொண்டார். ராதாவினோத் ராஜு, ஆமோத் காந்த் மாதிரி ஆட்களை வேலை பார்க்க விட்டார். 41 பேர் மீது குற்றப்பத்திரிகை 1992 மே 20-இல் தாக்கல் ஆனது, கொலை நடந்து ஒரு வருஷம் நிறைய ஒரு நாள் இருக்கும்போது. 41-இல் 12 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள், 3 பேர் தலைமறைவு, கூண்டில் ஏறியது 26 பேர். இது நடந்துகொண்டிருக்கும்போதே பாதுகாப்புக் குறைபாடு பற்றி வர்மா கமிஷன், சதி பற்றி ஜெயின் கமிஷன். ஜெயினின் இடைக்கால அறிக்கை 1997-இல் குஜ்ரால் ஆட்சியையே கவிழ்த்தது. அந்தக் காற்றிலெல்லாம் வழக்கு விளக்கு அணையாமல் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் ஐ.ஜி.யின் வேலை.

இளங்கோ_சேலம்

ஐயா, இந்த விவரமெல்லாம் எனக்குப் புதுசு. அந்தக் குழுவில் இருந்தவங்க அப்புறம் என்ன ஆனாங்க?

நாளிதழ்க்காரன்

பூந்தமல்லி தனி நீதிமன்றத் தீர்ப்பு 1998 ஜனவரி 28. அந்த மாதம் முடிவதற்குள் கார்த்திகேயன் சி.பி.ஐ.யின் பொறுப்பு இயக்குநர். இரண்டு மாதம்தான் இருந்தார். பிறகு தேசிய மனித உரிமை ஆணையத்தில் தலைமை இயக்குநர். 2010-இல் பத்மஸ்ரீ. ராதாவினோத் ராஜு, 2009-இல் என்.ஐ.ஏ. (தேசியப் புலனாய்வு முகமை) தொடங்கியபோது அதன் முதல் தலைவர்.

இன்னொரு வேடிக்கை. அன்றிரவு ஸ்ரீபெரும்புதூரில் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த ஐ.ஜி. ஆர்.கே. ராகவன். கூட நின்ற எஸ்.பி. முகமது இக்பால் குண்டில் இறந்தார். ராகவன் பிழைத்து, கமிஷனுக்குப் பதில் சொல்லி, 1999 ஜனவரியில் அவரும் சி.பி.ஐ. இயக்குநர் ஆனார். பிற்பாடு குஜராத் கலவர வழக்குகளுக்கு உச்ச நீதிமன்றம் அமைத்த புலனாய்வுக் குழுவுக்கும் தலைவர். போலீஸ் உத்தியோக ஜாதகம் யாருக்குப் புரியும்!

வடலி

நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது கனடாவிலை. நான் சொல்லுறதை ஆரும் கோவிக்கக் கூடாது.

நாளிதழ்க்காரன் அண்ணை பூந்தமல்லித் தீர்ப்பு எண்டு ஒரு வரியிலை சொல்லிப்போட்டுப் போறார். அந்தத் தீர்ப்பு என்ன? 26 பேருக்கும் தூக்கு. ஒருத்தர் மிச்சமில்லை. அடுத்த வருசம் வைகாசி (மே) 11, உச்ச நீதிமன்றம் 19 பேரை வெளியிலை விட்டிட்டுது. நாலு பேருக்குத் தூக்கு, மூண்டு பேருக்கு ஆயுள். அந்த 19 பேரும் ஏழெட்டு வருசம் உள்ளுக்கை இருந்தவை. ஒரு வருசத்துக்கு மேலை தூக்குக் கயிறை நினைச்சுக்கொண்டு படுத்தவை. இதை வெற்றிகரமான புலனாய்வு எண்டு சொல்லி பத்மஸ்ரீ வரைக்கும் கணக்குச் சொல்லுறியள்.

தூக்கு விழுந்த அந்த நாலு பேரிலை சாந்தனை எடுங்கோ. 2022 கார்த்திகையிலை (நவம்பர்) விடுதலை எண்டாங்கள். பிறகு திருச்சி சிறப்பு முகாம். ஊருக்குப் போறன், அம்மாவைப் பாக்கோணும் எண்டு கேட்டுக்கொண்டே இருந்த மனிசன் 2024 மாசி (பெப்ரவரி) 28 சென்னை ஆஸ்பத்திரியிலை செத்துப்போனார். உடம்புதான் ஊருக்குப் போனது. புலனாய்வுத் தலைவர் எண்டால் இதுக்கும் தலைவர்தானே?

கறுப்புக் கோட்டு

வடலி, கோபம் புரிகிறது. ஒரே ஒரு திருத்தம். அந்த 19 பேரும் எல்லாக் குற்றத்திலிருந்தும் விடுபட்டவர்கள் அல்ல. கொலைச் சதியில் பங்கில்லை என்றது உச்ச நீதிமன்றம். சிலருக்கு அடைக்கலம் கொடுத்தது போன்ற சின்னக் குற்றங்கள் நின்றன, அதற்குரிய தண்டனையை ஏற்கெனவே அனுபவித்துவிட்டார்கள் என்று விட்டார்கள்.

ஆனால் நீங்கள் தொட்ட இடம் சரியானது. 26 பேருக்கும் தூக்கு வரும் அளவுக்கு வழக்கு எதன் மேல் நின்றது? அப்போது இருந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டமான தடா, பிரிவு 15. சாதாரண சட்டத்தில் போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது, அன்றைய சாட்சியச் சட்டம் 25. தடாவில் எஸ்.பி. ரேங்கில் இருப்பவர் பதிவு செய்தால் செல்லும். ரேங்க் உயர்ந்தவர் பொய் எழுத மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதிய சட்டம். அப்பீலும் ஹைகோர்ட்டுக்குக் கிடையாது, நேராக டெல்லி. உச்ச நீதிமன்றம் 1999-இல் இது தடா குற்றமே இல்லை என்றது. ஆனால் தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலங்களை மட்டும் செல்லும் என்று வைத்துக்கொண்டது. அதைப் படித்த அன்று எனக்குத் தலை சுற்றியது, இன்றைக்கும் நிற்கவில்லை.

தூக்கு விழுந்த நால்வரில் ஒருவரான பேரறிவாளன் விஷயத்தை எல்லாரும் அறிவீர்கள். 19 வயதில் கைது. ஒன்பது வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்தார் என்பது அவர் மீதான முக்கியமான குற்றச்சாட்டு. வாக்குமூலத்தைப் பதிவு செய்தவர் சி.பி.ஐ. எஸ்.பி. தியாகராஜன். எதற்காக அந்த பேட்டரி என்று தனக்குத் தெரியாது என்று பேரறிவாளன் சொன்னதைத் தான் எழுதவில்லை என 2013-இல் தியாகராஜனே வெளியில் சொன்னார், பிறகு உச்ச நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமும் போட்டார். பேரறிவாளனை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது 2022 மே 18. 31 வருஷம் கழித்து.

இளங்கோ, நீங்கள் கேட்ட கேள்விக்கு இதில் பதில் இருக்கிறது. ரைட்டர் ஐயா சொன்ன எஸ்.பி. மார்ஜினில் பென்சிலால் கேள்வி எழுதினாரே, அதே வேலையை இங்கே ஒருவர் செய்திருக்க வேண்டும். "பேட்டரி வாங்கினான் சரி, எதற்கென்று தெரியுமா என்று கேட்டீர்களா? என்ன சொன்னான்?" இந்த ஒரு கேள்வி. வாசலில் பத்திரிகை, மேலே டெல்லி, எதிரே காலக்கெடு இருக்கும்போதும் அதைக் கேட்பவர்தான் தலைமை ஏற்கத் தகுதியானவர். கார்த்திகேயன் குழு அழுத்தத்தைத் தாங்கியது என்று நாளிதழ்க்காரர் சொல்வதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன்.

நாளிதழ்க்காரன்

வக்கீல் சார், 1991-ஐ 2013-இலிருந்து பார்ப்பது சுலபம். மே மாதம் குண்டு வெடித்தது, ஜூனில் நளினி, முருகன், பேரறிவாளன் பிடிபட்டாயிற்று. சயனைடு குப்பி கழுத்தில் தொங்கும் ஆட்களைத் தேடுகிறார்கள், பிடிக்கப் போகுமுன் செத்துவிடுகிறார்கள். உயிரோடு கிடைப்பவனிடம் பேச்சு வாங்குவது தவிர வேறு என்ன வழி இருந்தது?

உங்களுக்குக் குறை சொல்ல வேண்டுமென்றால் கோணனகுண்டேயைச் சொல்லுங்கள், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். பெங்களூரில் அந்த வீடு தெரிந்தது ஆகஸ்ட் 18. கமாண்டோக்கள் உள்ளே நுழைந்தது 20 காலை. உள்ளே ஏழு பிணம். சிவராசன் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார், அவருடைய கூட்டாளி சுபாவும் மற்றவர்களும் சயனைடு. இந்த வழக்கில் உயிரோடு கிடைத்திருக்க வேண்டிய ஒரே ஆள் சிவராசன். அவர் வாயைத் திறந்திருந்தால் வாக்குமூலங்களை மட்டும் நம்பி நிற்க வேண்டிய நிலையே வந்திருக்காது. டெல்லி உத்தரவுக்கும் படைக்கும் காத்திருந்த அந்த இடைவெளியில் போனதுதான் வழக்கின் பெரிய நஷ்டம். அங்கே முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்கள் பெரிய ரேங்க்தான், கான்ஸ்டபிள் இல்லை.

பழைய ரைட்டர்

அங்க இருந்தது சயனைடு. ரெண்டு நாள் முந்திப் போயிருந்தாலும் கடிக்க ஒரு நொடி போதுமே. சும்மா பேசக்கூடாது.

நாளிதழ்க்காரன்

இருக்கலாம் ஐயா. ஆனால் வீட்டைச் சுற்றிக் கூட்டம் கூடி, உள்ளே இருப்பவனுக்குத் தெரியும்படி காத்திருந்ததை நியாயப்படுத்த முடியாது. அந்தக் குழுவில் இருந்தவர்களே பின்னால் தனித்தனியாகப் புத்தகம் எழுதினார்கள். கார்த்திகேயன் தரப்பும் ரகோத்தமன் தரப்பும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. ஒரே மேசையில் வேலை பார்த்தவர்கள்!

பானுமதி

பெரிய வழக்கு பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. என் வீட்டுக்காரர் இன்ஸ்பெக்டர். இளங்கோ தம்பிக்கு வீட்டுப் பக்கம் எப்படி இருக்கும்னு யாரும் சொல்லலையேன்னு எழுதுறேன்.

இவர் விசாரிச்ச ஒரு கொலை கேஸ், டிரான்ஸ்ஃபர் ஆகி மூணு மாவட்டம் தாண்டி வந்த பிறகு விசாரணைக்கு வந்துச்சு. சம்மன் வந்தா ராத்திரி பஸ் ஏறிப் போவார். அங்க போனா எதிர்த்தரப்பு வக்கீல் வரல, வாய்தா. திரும்பி வந்து அன்னைக்கு சாயங்காலம் பொதுக்கூட்ட பந்தோபஸ்து. பார்த்த சாட்சிங்க அதுக்குள்ள சமாதானமாகி பிறழ் சாட்சி ஆகிடுவாங்க. நாலு வருஷம் தூக்கிச் சுமந்த கேஸ் அரை மணி நேரத்துல விழுந்த அன்னைக்கு இவர் வீட்டுல யார்கிட்டயும் பேசல. பந்தோபஸ்து வேண்டாம்னு நினைச்சுட்டு வராதீங்க தம்பி, அது இல்லாத போலீஸ் ஸ்டேஷன் இல்லை.

கறுப்புக் கோட்டு

அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு. சட்டம் ஒழுங்கையும் புலனாய்வையும் பிரிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் பிரகாஷ் சிங் வழக்கில் உத்தரவிட்டது 2006 செப்டம்பரில். சென்னையில் "கிரைம்" என்று தனி இன்ஸ்பெக்டர் இருக்கிறார், ஆனால் அவருக்குத் திருட்டும் வழிப்பறியும்தான். கொலை விழுந்தால் லா அண்ட் ஆர்டர் இன்ஸ்பெக்டர் தலையில். காலையில் அமைச்சர் வருகை, மதியம் கொலை ஸ்பாட்.

இளங்கோ_சேலம்

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதினதுக்கு நன்றி. வடலி அண்ணா எழுதினதைப் படிச்சுட்டு ராத்திரி தூங்கல. ஒரு கேள்வி மிச்சம். புலனாய்வு மட்டுமே வேணும்னா சி.பி.ஐ., என்.ஐ.ஏ.வுக்கு நேரா போக வழி இருக்கா? இல்லை ஐ.பி.எஸ். வாங்கிட்டு டெபுடேஷன்ல போறதுதானா?

கறுப்புக் கோட்டு

வழி இருக்கிறது. மத்திய அரசுப் பணிக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வில் சி.பி.ஐ. சப்-இன்ஸ்பெக்டர், என்.ஐ.ஏ. சப்-இன்ஸ்பெக்டர் இரண்டுமே உண்டு. அங்கே கேஸ் ஃபைல் இன்ஸ்பெக்டர், டி.எஸ்.பி. கையில்தான் இருக்கும், திருவிழாவுக்குக் கயிறு பிடிக்கச் சொல்ல மாட்டார்கள். ஐ.பி.எஸ். வழியாகப் போனால் அங்கே எஸ்.பி.யாகவோ டி.ஐ.ஜி.யாகவோ போவீர்கள், அதாவது மறுபடி மேற்பார்வை. எழுதுகிற கையா, எழுதியதில் கேள்வி கேட்கிற கண்ணா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

வடலி

தம்பி, நித்திரை கொள்ளாமல் இருக்கச் சொல்லி நான் எழுதேல்லை. ஆனால் எழுதினதை வாசிச்சதுக்கு நன்றி.

பழைய ரைட்டர்

தம்பி, பரீட்சைக்குப் படிக்கிறது ஒரு பக்கம் இருக்கட்டும். உங்க ஊர்ல அஸ்தம்பட்டி கோர்ட்டுக்கு ஒரு நாள் போங்க. செஷன்ஸ்ல கொலை கேஸ்ல இன்ஸ்பெக்டரைக் குறுக்கு விசாரணை பண்ற அன்னைக்குப் போயி பின்னால பெஞ்சுல உக்காருங்க. எந்த நாள்னு பி.பி. (அரசு வக்கீல்) ஆபீஸ்ல கேட்டா சொல்லுவாங்க, சட்டம் படிக்கிற பையன்னு சொல்லிக் கேளுங்க. வாய்தா போட்டுட்டாங்கன்னா மறுபடி போங்க. போடுவாங்க.